கீழ்த்தையல் பிரிந்தால் என்ன செய்வது? பிரசவக் கிழிசலும் தாமதமாகப் போடும் தையலும்

பிரசவம் முடிந்து ஆறாவது நாள், ஏழாவது நாள். சுகப்பிரசவம்தானே என்று ஆஸ்பத்திரியிலிருந்து மூன்றாம் நாளே அனுப்பியிருப்பார்கள். தலைப்பிள்ளை என்றால் குமரி மாவட்டத்தில் பெரும்பாலும் அம்மா வீட்டில்தான் பேறுகாலம் பார்ப்பது. கழுவும்போது கைக்கு ஏதோ வித்தியாசமாகப் படும், பேடில் ஒரு நூல் துண்டு கிடக்கும், மறுநாள் எரிச்சல் கூடும், லேசான நாற்றம், கீழே திறந்து கிடப்பது போல ஓர் உணர்வு. அம்மாவிடம் சொன்னால், "தையல் போட்டா அப்பிடித்தான் மக்களே இருக்கும், கொஞ்சம் பொறு" என்பார். அவருக்கும் அவருடைய அம்மா அதையேதான் சொல்லியிருப்பார். பத்து நாள் இப்படியே ஓடிவிடும்.

தையல் பிரிவது அபூர்வமான விஷயமும் இல்லை, பெரும்பாலான சமயங்களில் பெரிய ஆபத்தும் இல்லை. பிரிந்ததைச் சரிசெய்ய வழி இருக்கிறது, நாள் கழித்தும் செய்யலாம், சில சமயம் நாள் கழித்துச் செய்வதுதான் சரி. தையல் தள்ளிப்போவது மணிக்கணக்கில் இருக்கலாம், வாரக்கணக்கில் இருக்கலாம், வருடக்கணக்கில் இருக்கலாம். முதல் இரண்டும் பல நேரம் டாக்டரே யோசித்து எடுக்கும் முடிவு, அதற்குப் பயப்பட வேண்டியதில்லை. வருடக்கணக்கில் போவதுதான் பிரச்சினை, அது பெரும்பாலும் யாருமே அந்த இடத்தை ஒழுங்காகப் பார்க்காததால் வருவது.

முதலில், எது கிழிகிறது? யோனி வாசலுக்கும் ஆசனவாய்க்கும் நடுவே நாலு சென்டிமீட்டர் அளவுக்கு ஓர் இடம், டாக்டர்கள் பெரினியம் என்பார்கள். வெளியே தோல், உள்ளே தசைகள். குழந்தையின் தலை வெளியே வரும் நேரத்தில் இந்த இடம் மெலிந்து பளபளவென்று விரியும். முதல் பிரசவத்தில் கொஞ்சமும் கிழியாமல் தப்பிப்பவர்கள் குறைவு. பிரிட்டன் கணக்குப்படி சுகப்பிரசவம் ஆகிறவர்களில் சுமார் 85 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு அளவில் காயம் உண்டு. தோலோடு நின்றால் முதல் நிலை, அதற்குப் பல நேரம் தையலே வேண்டாம். தசையும் சேர்ந்து கிழிந்தால் இரண்டாம் நிலை. 'கீழே தையல் போட்டிருக்கு' என்று நம் பெண்கள் சொல்வது பெரும்பாலும் இதைத்தான், டாக்டர் கத்தரியால் வெட்டிவிடும் எபிசியாட்டமியும் ஆழத்தில் இதற்குச் சமம். ஆசனவாயைச் சுற்றியிருக்கும் சுருக்குத் தசை வரை போய்விட்டால் மூன்றாம் நிலை. அதையே மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள்: வெளிச் சுருக்குத் தசையில் பாதிக்குக் குறைவாகக் கிழிந்தால் 3ஏ, பாதிக்கு மேல் போனால் 3பி, உள் சுருக்குத் தசையும் சேர்ந்து போனால் 3சி. மலக்குடலின் உட்சவ்வும் கிழிந்துவிட்டால் நான்காம் நிலை.

மூன்றும் நான்கும் கொஞ்சப் பேருக்குத்தான் வரும். பிரிட்டனில் முதல் பிரசவத்தில் நூற்றுக்கு ஆறு பேர் என்று கணக்கு இருக்கிறது. ஆயுதம் போட்டு எடுத்தால், குழந்தை நாலு கிலோவுக்கு மேல் இருந்தால், குழந்தை முகம் மேலே பார்த்தபடி வந்தால், முக்கும் கட்டம் ரொம்ப நேரம் இழுத்தால் வாய்ப்பு கூடும். வயிற்றின் மேல் கையை வைத்து அழுத்தித் தள்ளும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. அதை உலக சுகாதார நிறுவனம் வேண்டாம் என்கிறது. எல்லாருக்கும் வழக்கமாக எபிசியாட்டமி வெட்டுவதையும் 2018 வழிகாட்டலில் வேண்டாம் என்றே சொல்லியிருக்கிறது. தேவைப்பட்டு வெட்டும்போது நேர் கீழே வெட்டாமல் பக்கவாட்டில் 60 டிகிரி கோணத்தில் வெட்ட வேண்டும். நேர் கீழே வெட்டினால் அந்த வெட்டு ஆசனவாய்ப் பக்கம் நீண்டுவிடும். தலை வெளியே வரும் நேரத்தில் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை அந்த இடத்தில் ஒத்திப் பிடித்தால் பெரிய கிழிசல்கள் குறைகின்றன என்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு. செலவே இல்லாத வேலை, பிரசவ அறையில் அதற்கு நேரமும் ஆளும் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

சுருக்குத் தசை கிழிந்தால் மட்டும் ஏன் இவ்வளவு கவலை? அது வளையமாக எப்போதும் இறுகியே இருக்கும் தசை. பாவாடை நாடா அறுந்தால் இரண்டு நுனியும் மடிப்புக்குள் இழுத்துக்கொண்டு போய்விடும் அல்லவா, இதுவும் அப்படித்தான். கிழிந்த முனைகள் இரண்டு பக்கமும் உள்ளே ஒளிந்துகொள்ளும். மேலே பார்த்தால் சாதாரண இரண்டாம் நிலைக் கிழிசல் போலத்தான் தெரியும். தைக்கிறவர் அந்த முனைகளைத் தேடிப் பிடித்து, வெளியே இழுத்து, ஒன்றோடொன்று சேர்த்தோ ஒன்றின்மேல் ஒன்று ஏற்றியோ தைக்க வேண்டும், உள் தசையை அதற்கு முன்பே தனியாகத் தைக்க வேண்டும். மரத்துப்போகும் ஊசி சரியாக வேலை செய்யாமல், நல்ல லைட் இல்லாமல், பிரசவக் கட்டிலிலேயே வைத்து அவசரமாகச் செய்கிற காரியம் இல்லை இது. ஆபரேஷன் தியேட்டர் வேண்டும், முதுகில் ஊசி போட்டுத் தசை தளர்ந்திருக்க வேண்டும், இதைச் செய்து பழகின கை வேண்டும்.

மணிக்கணக்குத் தாமதம் வருவது இங்கேதான். ஒரு சின்ன ஆஸ்பத்திரியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ ராத்திரி ஒரு மணிக்குப் பிரசவம், சுருக்குத் தசை கிழிந்துவிட்டது என்று தெரிகிறது, அங்கே அதைத் தைக்க ஆள் இல்லை. ரத்தப்போக்கை நிறுத்தி, துணி வைத்து அடைத்து, 108-இல் ஏற்றி ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்கோ தக்கலை அரசு ஆஸ்பத்திரிக்கோ அனுப்புவார்கள். வீட்டார் கொதிப்பார்கள், 'தையல்கூடப் போடாம அனுப்பிட்டாங்க' என்று. ஸ்வீடனில் நடந்து 2008-இல் வெளியான ஓர் ஆய்வில் சுருக்குத் தசைக் கிழிசலை உடனே தைத்தவர்களையும் 8 முதல் 12 மணி நேரம் கழித்துத் தைத்தவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒரு வருடம் கழித்து மலம், காற்று அடக்குவதில் இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ரத்தம் நின்றிருக்கும் வரை, தெரியாத கை உடனே தைப்பதைவிடத் தெரிந்த கை காலையில் தைப்பது மேல். அந்த நேரத்தில் அனுப்பிவைத்த டாக்டரை நான் குறை சொல்ல மாட்டேன்.

குறை சொல்ல வேண்டியது வேறு விஷயத்தில். தைப்பதற்கு முன்பும் தைத்த பிறகும் ஆசனவாயில் ஒரு விரல் விட்டுச் சோதித்துப் பார்க்க வேண்டும். முன்பு பார்ப்பது சுருக்குத் தசை கிழிந்திருக்கிறதா என்று தெரிய, பின்பு பார்ப்பது தையல் தவறிப்போய் குடலுக்குள் ஏறிவிட்டதா என்று தெரிய. முப்பது விநாடி வேலை. கூட்டம் இருக்கும் பிரசவ அறையில் விட்டுப்போகிற முதல் காரியமும் இதுதான். வீட்டில் நர்ஸ் இருந்தால் (நம் மாவட்டத்தில் எந்தக் குடும்பத்தில் இல்லை!) பிரசவத்துக்கு முன்பே அவரிடம் சொல்லி வைத்து, 'பிஆர் பார்த்தாச்சா' (அந்த விரல் சோதனைக்கு ஆஸ்பத்திரியில் சொல்லும் பெயர்) என்று ஒரு வார்த்தை கேட்கச் சொல்லலாம்.

அடுத்து வாரக்கணக்கு. தையல் பிரிவதாக இருந்தால் பொதுவாக முதல் இரண்டு வாரத்துக்குள் பிரியும். பெரும்பாலும் கிருமித் தொற்றுதான் காரணம். உள்ளே ரத்தம் கட்டி நின்று தையலைத் தள்ளுவதும், ரொம்ப இறுக்கிப் போட்ட தையல் வீக்கத்தில் சதையை அறுப்பதும் உண்டு. ரத்தசோகை, சர்க்கரை, முதல் தடவை மலம் போகும்போது மூச்சைப் பிடித்து முக்குவது இவையெல்லாம் துணைக்காரணம். இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். இப்போது போடும் நூல் பெரும்பாலும் தானாகக் கரையும் ரகம், அதிலும் சீக்கிரம் கரையும் ரகம் பத்துப் பதினாலு நாளில் பிடியை விட்டுவிடும். அதனால் இரண்டாவது வாரத்தில் நூல் துண்டு விழுந்தால் அது இயல்பு. நூல் விழுந்தும் இரண்டு விளிம்பும் ஒட்டியிருக்கிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது. ஒரு கைக்கண்ணாடியும் போன் டார்ச்சும் போதும், தனக்குப் பார்க்க மனம் வராவிட்டால் அம்மாவோ அக்காவோ பார்க்கலாம். வலி நாளுக்கு நாள் குறையாமல் கூடினால், நாற்றமடித்தால், சீழ் வந்தால், காய்ச்சல் குளிர் வந்தால், விளிம்பு விலகிக் குழி தெரிந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி போக வேண்டும். யோனி வழியாகக் காற்றோ மலமோ வந்தால் அதைச் சொல்லக் கூசவே கூடாது, டாக்டருக்கு மிக முக்கியமான தகவல் அது.

ஒரு விஷயம் இங்கே நிறைய நடக்கிறது. படம் எடுத்து சவுதியிலோ குவைத்திலோ இருக்கும் நர்ஸ் சித்திக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவது. தப்பில்லை, சில சமயம் அந்தச் சித்திதான் 'உடனே போ' என்று விரட்டி விடுவார். ஆனால் படத்தில் தோல்தான் தெரியும், சுருக்குத் தசை தெரியாது. 'பார்க்க நல்லாத்தான் இருக்கு' என்ற பதிலை வைத்து வீட்டில் இருந்துவிட வேண்டாம்.

சரி, தையல் பிரிந்து ஆஸ்பத்திரிக்குப் போயாயிற்று. உடனே திரும்பத் தைத்துவிடுவார்கள் என்று எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாந்து திரும்புவது உண்டு. சீழ் பிடித்த சதையில் ஊசி போட்டால் நூல் நிற்காது, கிருமியை உள்ளே வைத்து மூடியது போலாகிவிடும். முதலில் சுத்தம் செய்ய வேண்டும். மிச்சமிருக்கும் தையலை எடுத்து, செத்த சதையை நீக்கி, தேவைப்பட்டால் ஆன்டிபயாட்டிக் கொடுத்து, தினமும் கழுவச் சொல்லுவார்கள். சில நாளில், சிலருக்கு ஒன்றிரண்டு வாரத்தில், புண்ணின் அடி மாறும். மஞ்சளாகக் கொழகொழவென்று படிந்திருந்தது கழன்று, அடியில் சிவப்பாக, குறுணை குறுணையாக, தொட்டால் லேசாக ரத்தம் கசிகிற சதை தெரியும். அதுதான் உயிருள்ள சதை, தையல் போடத் தயார் என்று டாக்டர் எடுத்துக்கொள்ளும் அடையாளம். புண்ணில் மஞ்சளாக இருப்பதெல்லாம் சீழ் என்று பதற வேண்டாம், ஆறுகிற புண்ணிலும் மெல்லிய மஞ்சள் படலம் இருக்கும். பச்சையாகி நாறினால்தான் விஷயம் வேறு.

அந்தக் கட்டத்தில் இரண்டு வழி உண்டு. ஒன்று, மறுபடி தைப்பது. தியேட்டருக்குக் கொண்டுபோய், முதுகில் ஊசி போட்டு, ஆறத் தொடங்கிய விளிம்புகளை மெல்லச் சீவிப் புதிதாக்கி, உள்ளிருந்து வெளியே அடுக்கடுக்காகத் தைப்பார்கள். சீவாமல் தைத்தால் பிடிக்காது, ஏனென்றால் விளிம்பின்மேல் ஏற்கெனவே மெல்லிய தோல் ஓடியிருக்கும், தோலும் தோலும் ஒட்டாது. இன்னொன்று, தைக்காமல் விட்டு, அடியிலிருந்து சதை வளர்ந்து தானாக மூட விடுவது. அதற்கு ஆறு வாரம், மூன்று மாதம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். கடைசியில் பெரும்பாலும் நன்றாகவே மூடிவிடும், தழும்பு மட்டும் கொஞ்சம் பெரிதாக இருக்கலாம்.

இரண்டில் எது மேல்? முன்பெல்லாம் பிரிந்த தையலை மூன்று நான்கு மாதம் தொடக்கூடாது என்றே பாடம் சொல்வார்கள். 1980-களிலும் 90-களிலும் அமெரிக்காவிலிருந்து வந்த அறிக்கைகள், புண் சுத்தமானதும் சீக்கிரமே தைத்தாலும், நான்காம் நிலைக் கிழிசல் உட்பட, பெரும்பாலும் பிடித்துக்கொள்கிறது என்று காட்டின. அதற்கு அப்புறம் எண்ணம் மாறியது. ஆனால் மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் கோக்ரேன் அமைப்பு 2013-இல் உலகத்தில் உள்ள ஆய்வுகளையெல்லாம் தேடிப் பார்த்தபோது இரண்டே இரண்டு சிறிய ஆய்வுகள்தான் தேறின, மொத்தம் 52 பெண்கள். உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான பெண்களுக்குப் போடும் தையல், அது பிரிந்தால் என்ன செய்வது என்று பார்க்க 52 பேர்! ஒரு டாக்டர் தைக்கலாம் என்கிறார், இன்னொருவர் விடலாம் என்கிறார், இரண்டு பேருக்கும் ஒன்றும் தெரியவில்லை என்று நினைத்து மூன்றாவது ஆஸ்பத்திரி தேடிப் போகிறோமே, அந்த முரணின் காரணம் இதுதான். என் கருத்தைக் கேட்டால்: பிரிந்தது தோலும் கொஞ்சம் தசையும் மட்டும் என்றால் விட்டு ஆற்றுவதில் தப்பில்லை; பெரிய குழியாக இருந்தால், உட்காரவும் பால் கொடுக்கவும் முடியாமல் வேதனைப்பட்டால், மறுபடி தைப்பதைப் பற்றிக் கேட்டே ஆக வேண்டும்; சுருக்குத் தசைத் தையல் பிரிந்திருந்தால் அதில் பழக்கமுள்ள டாக்டர் பார்க்காமல் எந்த முடிவும் எடுக்கக் கூடாது.

வீட்டில் செய்ய வேண்டியது என்னவோ சாதாரணம்தான். ஒவ்வொரு முறை ஒன்றுக்கு, வெளிக்குப் போன பிறகும் முன்னிருந்து பின்னாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, ஒத்தித் துடைத்து, பேடை மாற்ற வேண்டும். ஒன்றுக்குப் போகும்போதே மேலே ஒரு கப் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போனால் எரிச்சல் பாதி குறையும். இளஞ்சூட்டுத் தண்ணீர் நிரம்பிய பேசினில் பத்து நிமிடம் உட்காரலாம். அதில் கல்லுப்பு போடலாமா, டெட்டால் ஊற்றலாமா என்று கேட்காதவர்கள் இல்லை. 1988-இல் பிரிட்டனில் உப்புத் தண்ணீர், சாவ்லான் தண்ணீர், வெறும் தண்ணீர் மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள், புண் ஆறுவதில் எந்த வித்தியாசமும் இல்லை. டெட்டாலை நேராக ஊற்றிப் புண்ணைப் பொசுக்கிக்கொள்ளாமல் இருந்தால் போதும். மஞ்சள்தூள், சாம்பல், பவுடர் எதையும் திறந்த புண்ணுக்குள் போடக் கூடாது.

பேறுகாலக் குளியல்பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், இங்கே அது பெரிய விஷயம். நொச்சி இலையும் புளியிலையும் போட்டுக் கொதித்த தண்ணீரை ஆறவைத்து, எண்ணெய் தேய்த்த உடம்பில் வீசி ஊற்றுவார்கள். முதுகுக்கும் இடுப்புக்கும் அது சுகம்தான், பத்து மாதம் சுமந்தவளுக்கு ஒரு மணி நேரம் யாரோ உடம்பு பிடித்துவிடுவது எந்த ஆஸ்பத்திரியிலும் கிடைக்காத உபசாரம். ஆனால் சூடான தண்ணீரைக் கீழே தையல்மேல் வேகமாக அடித்து ஊற்றுவதை நிறுத்த வேண்டும். வீங்கி மரத்திருக்கும் சதையில் சூடு சரியாகத் தெரியாது, பொக்களம் போட்ட பிறகுதான் தெரியும். வயிற்றில் துணி கட்டுவதும் அப்படியே. லேசாகத் தாங்கும்படி கட்டினால் சரி, மூச்சு முட்ட இறுக்கினால் அழுத்தமெல்லாம் கீழேதான் இறங்கும்.

பத்தியச் சாப்பாடு இன்னொரு தலைவலி. தண்ணீர் குடித்தால் வயிறு பெருக்கும், பழம் சாப்பிட்டால் பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்று இரண்டையும் குறைத்துவிடுவார்கள். நல்லமிளகு, பூண்டு, கருப்பட்டி போட்ட பேறுகால மருந்தை ஒரு உருண்டை கொடுப்பார்கள், கூடவே ஆஸ்பத்திரியில் கொடுத்த இரும்புச் சத்து மாத்திரை. இந்த வகையில் மலம் கல்லாகாமல் என்ன செய்யும்? தையல் போட்டவளுக்கு மலம் இளகிப் போவது மருந்துக்குச் சமம். மூன்றாம், நான்காம் நிலைத் தையலுக்கு டாக்டரே லாக்டுலோஸ் போன்ற மலமிளக்கி எழுதிக் கொடுப்பார். அதை 'வயிறு போகுது' என்று இரண்டாம் நாளே நிறுத்திவிடக் கூடாது, எப்போது நிறுத்துவது என்று அவரிடமே கேட்க வேண்டும். அதோடு பால் கொடுக்கிறவளுக்குத் தாகம் எடுக்கிற அளவுக்குத் தண்ணீர், முருங்கைக்கீரை, பயறு, வீட்டுக் கொல்லையில் குலை தள்ளி நிற்கும் மட்டியோ பாளையங்கோட்டனோ நாலு பழம். மீன் தாராளமாகச் சாப்பிடலாம், புண் ஆறப் புரதம் வேண்டும். 'மீன் சாப்பிட்டால் தையல் சீழ் பிடிக்கும்' என்று கொளச்சல் கடற்கரைக்கு நாலு கிலோமீட்டர் தூரத்தில் இருந்துகொண்டு சொல்கிறவர்களை என்ன செய்ய!

இந்த நாட்டில் பிரசவம் பார்த்த மருத்துவச்சிகளுக்கு அனுபவம் நிறைய இருந்தது, ஆனால் தைப்பது அவர்கள் வேலையாக இருந்ததில்லை. நாஞ்சில்நாடு திருவிதாங்கூரில் இருந்த காலத்தில், டாக்டர் மேரி புன்னன் லூகோஸ் 1916-இல் திருவனந்தபுரம் தைக்காடு பெண்கள் ஆஸ்பத்திரிப் பொறுப்பை ஏற்றதும், பரம்பரை மருத்துவச்சிகளின் பிள்ளைகளைக் கூட்டிப் பிரசவப் பயிற்சி கொடுக்கத் தொடங்கினார். ஆஸ்பத்திரிப் பிரசவம் என்பதே நம்மவர்களுக்குப் பழக வெகுகாலம் பிடித்தது. தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவம் ஆஸ்பத்திரியில்தான் என்கிறது 2019-21-இல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு. பிரசவம் ஆஸ்பத்திரிக்குள் வந்துவிட்டது, அதற்குப் பிறகு வரும் நாற்பது நாள் இன்னும் வீட்டு உள்ளறையிலேயே கிடக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2022-இல் சொன்னபடி பார்த்தால், முதல் நாள் கவனிப்புக்கு அப்புறம் மூன்றாம் நாளை ஒட்டி ஒரு முறை, 7 முதல் 14 நாளுக்குள் ஒரு முறை, ஆறாவது வாரத்தில் ஒரு முறை தாயைப் பார்க்க வேண்டும். தையல் பிரிகிற நாள் அந்த நடு முறையில்தான் விழுகிறது. கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்கு வரும்போது பிள்ளையின் எடையைப் பார்த்துவிட்டுக் காபி குடித்துப் போகவிடாமல், 'நர்சம்மா, தையலையும் ஒரு நோட்டம் பாருங்க' என்று உள்ளே கூப்பிட்டுக் காட்ட வேண்டும்.

வருடக்கணக்குத் தாமதத்துக்கு வருவோம். பிரசவ அறையில் கண்ணில் படாமல் போன சுருக்குத் தசைக் கிழிசல், அல்லது தைத்தும் பிடிக்காமல் போனது. மேலே தோல் அழகாக ஆறிவிடும். காற்று அடக்க முடியாது, வயிறு கொஞ்சம் இளகினால் உள்ளாடை கறைபடும், மலம் வந்தால் கக்கூஸ் வரை தாக்குப்பிடிக்காது. இளவயதில் மற்ற தசைகள் ஈடுகொடுத்துவிடும், மாதவிடாய் நின்ற பிறகு தசை தளரும்போது ஐம்பது வயதில் அது வெளியே தெரியும். அண்டி ஆபீஸில் (முந்திரிப் பருப்புத் தொழிற்சாலையில்) காலை முதல் உட்கார்ந்து வேலை பார்க்கிறவள், விடியற்காலை ரப்பர் வெட்டப் போகிறவள், மார்த்தாண்டம் பஸ்ஸில் நின்றுகொண்டே போகிறவள் எப்படிச் சமாளிப்பாள்? காலையில் சாப்பிடாமல் கிளம்புவாள், கல்யாண வீட்டுக்குப் போவதை நிறுத்திவிடுவாள். இரண்டு பிள்ளை பெற்றால் இதெல்லாம் சகஜம் என்று அவளே நினைத்துக்கொள்வாள். சகஜம் இல்லை, அதற்கு வைத்தியம் இருக்கிறது.

ஆசனவாய் வழியாகச் செய்யும் ஒரு ஸ்கேனில் தசை வளையம் எங்கே விட்டுப்போயிருக்கிறது என்று துல்லியமாகத் தெரியும். முதலில் உணவு மாற்றம், மலத்தைக் கெட்டிப்படுத்தும் மாத்திரை, பிசியோதெரபி. அதிலேயே பலர் வெளியே தலைகாட்டும் அளவுக்குத் தேறிவிடுவார்கள். போதாதென்றால் ஆபரேஷன்: தழும்பைப் பிரித்து, விலகிப்போன தசை முனைகளைத் தேடியெடுத்து ஒன்றின்மேல் ஒன்று ஏற்றித் தைப்பது. ஆரம்பத்தில் பெரும்பாலானவர்களுக்கு நல்ல பலன் தெரியும், ஐந்து பத்து வருடத்தில் அந்தப் பலன் மெல்லக் குறையும் என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. பிரசவத்தன்றே ஒழுங்காகத் தைத்தவர்களில் 60 முதல் 80 சதவீதம் பேர் ஒரு வருடத்தில் எந்தத் தொந்தரவும் இல்லாமல் இருக்கிறார்கள் என்ற கணக்கோடு ஒப்பிட்டால், அன்றைக்குக் கண்டுபிடிப்பது எவ்வளவு முக்கியம் என்று புரியும். குடலுக்கும் யோனிக்கும் நடுவில் ஓட்டை விழுந்திருந்தால் அதற்கும் ஆபரேஷன் உண்டு, வீக்கமும் தொற்றும் அடங்க வழக்கமாக மூன்று மாதமாவது காத்திருக்கச் சொல்வார்கள். இதற்கெல்லாம் மகப்பேறு டாக்டரோடு குடல் சர்ஜனும் சேர்ந்து பார்க்கும் பெரிய ஆஸ்பத்திரி வேண்டும். நம் ஆட்கள் பலர் திருவனந்தபுரம் போவார்கள், நாகர்கோவிலிலிருந்து எழுபது கிலோமீட்டருக்குள்தான்.

உடம்பு தேறுவதற்கு ஆகும் காலத்தைப்பற்றியும் தவறான எதிர்பார்ப்பு இருக்கிறது. தழும்பு மூன்றாவது வாரத்தில் பழைய சதையின் பலத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் பெற்றிருக்கும், மூன்று மாதத்தில் கிட்டத்தட்ட எண்பது சதவீதம் வரும், அதற்கு மேல் வராது. அதனால் வலி போய்விட்டது என்று முதல் மாதமே தண்ணீர்க் குடமும் அரிசிச் சாக்கும் தூக்க வேண்டாம். அதற்காகப் படுத்தே கிடக்கவும் வேண்டாம். இடுப்புத்தளத் தசைப் பயிற்சியை வலி அனுமதிக்கும்போதே தொடங்கலாம்: காற்றை அடக்குவது போலவும் ஒன்றுக்கை நிறுத்துவது போலவும் உள்ளே இழுத்துப் பிடித்து விடுவது, ஒரு தடவைக்கு எட்டு முறை, ஒரு நாளைக்கு மூன்று தடவை. பால் கொடுத்துக்கொண்டே செய்யலாம், யாருக்கும் தெரியாது.

தாம்பத்தியம் எப்போது என்று கேட்க ஆளில்லாமல் கூகுளில் தேடுகிறார்கள். ஆறு வாரம் என்பது பரிசோதனைக்கு வரச்சொல்லும் நாள், அன்றைக்கே எல்லாம் சரியாகிவிடும் என்று அர்த்தமில்லை. பால் கொடுக்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் அந்த இடம் வறண்டிருக்கும், தையலே இல்லாதவர்களுக்கும் வலிக்கும். ஜெல் உதவும், டாக்டர் எழுதிக் கொடுத்தால் ஈஸ்ட்ரோஜன் கிரீமும் உதவும். தழும்பில் சிவப்பாகச் சின்னச் சதை முளைத்துத் தொட்டால் ரத்தம் வந்தால், சில்வர் நைட்ரேட் தொட்டுவைத்து அதை நீக்கிவிடுவார்கள், ஓ.பி.யிலேயே முடிகிற வேலை. பின்னே, தைக்கும்போது 'கொஞ்சம் இறுக்கிப் போட்டுவிடுங்க' என்று சிரித்துக்கொண்டே சொல்லும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த ஒரு தையலின் வலியை அனுபவிக்கப்போவது சிரித்தவர் இல்லை.

அடுத்த பிள்ளை? முதல் இரண்டு நிலைக் கிழிசல் இருந்தவர்கள், தையல் பிரிந்து ஆறியவர்கள் உட்பட, பெரும்பாலும் தாராளமாகச் சுகப்பிரசவத்துக்கு முயலலாம். சுருக்குத் தசை கிழிந்தவர்களுக்கு மறுபடியும் அப்படிக் கிழிய நூற்றுக்கு ஐந்திலிருந்து ஏழு பேருக்கு வாய்ப்பு இருக்கிறது. மலம், காற்று அடக்குவதில் இன்னும் சிரமம் இருந்தால் அல்லது ஸ்கேனில் தசை விட்டுப்போயிருப்பது தெரிந்தால் சிசேரியன் பற்றி டாக்டரே பேசுவார். அதே 2019-21 ஆய்வுப்படி தமிழ்நாட்டில் ஏற்கெனவே 44.9 சதவீதப் பிரசவம் சிசேரியன், 'கீழே கிழிஞ்சிடும்' என்ற பயத்தில் கேட்டு வாங்குகிறவர்களும் அதில் இருக்கலாம். இந்த ஒரு காரணத்துக்காக நியாயமாகவே சிசேரியன் தேவைப்படுகிறவர்கள் கொஞ்சப் பேர்தான். அவர்களுக்குத் தங்கள் கிழிசல் எந்த நிலை என்று தெரிந்திருந்தால்தான் கேட்கவே முடியும். டிஸ்சார்ஜ் சீட்டில் பல நேரம் 'நார்மல் டெலிவரி, தையல் போடப்பட்டது' என்பதோடு முடித்திருப்பார்கள். ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்புவதற்கு முன் எந்த நிலைக் கிழிசல், சுருக்குத் தசை முழுசாக இருக்கிறதா, யார் தைத்தது என்பதை அதே சீட்டில் எழுதி வாங்கி, பிள்ளையின் தடுப்பூசி அட்டையோடு சேர்த்து வைத்துவிடுங்கள். அடுத்த பிரசவம் வேறு ஊரில், வேறு டாக்டரிடம் ஆனாலும் அவர் முதலில் கேட்கப்போவது அந்தச் சீட்டைத்தான்.